ஃபியூஸ் போன ட்யூப்லைட்: ஒரு பள்ளிச் செயல்திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு 19 நாள் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து மூன்று பேர், இரண்டு பெண்களும் ஒரு பையனும், ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். பேச முன்வந்தவள் மாவு மில்காரர் மகள்.

"மிஸ், வயரும் கெடையாது, பேட்டரியும் கெடையாது, ஆனா பல்ப் எரியுது. அதத்தான் நாங்க செய்யப்போறோம்."

"எங்க பார்த்தீங்க?"

"வீடியோல மிஸ்."

பள்ளிக்குள் போன் கூடாது. மாலை மணி அடித்ததும் கேட்டுக்கு வெளியே, அவளைக் கூட்டிப்போக வந்த அப்பாவின் போனில் பார்த்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. கம்பியின் இரு முனையும் ஒரு ஹோல்டருக்குப் போகின்றன, ஹோல்டரில் 9 வாட் எல்இடி பல்ப். இன்னொரு காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்ததும் பல்ப் பளீரென்று எரிகிறது. "இது வந்துட்டா கரண்ட் பில்லே கட்ட வேணாம் போலிருக்கே டீச்சர்" என்றார் அப்பா. மாவு மில் நடத்துகிறவருக்கு அந்த ஆசை வருவதில் தப்பில்லை.

இந்த வகைச் செயல்திட்டம் வருஷத்துக்கு ஒன்றாவது என் மேஜைக்கு வந்துவிடும். பெரும்பாலும் தெர்மாகோலுக்கு அடியில் ஒரு 9 வோல்ட் பேட்டரி ஒளிந்திருக்கும். அப்படி ஒன்றுக்கு, அடியில் புரட்டிப் பார்க்காமல், நானே ஒரு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த மாடல் மாவட்டம் வரை போய் வந்தது. இந்த முறை நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்த உறுத்தலும் ஒரு காரணம்.

வீடியோவை அப்படியே செய்து பார்த்தது

"இது நடக்காது" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். பல்ப் எரிந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், நான் வெறும் வாயால் சொல்கிறேன். அதனால் வீடியோவில் உள்ளபடியே செய்து கொண்டுவரச் சொன்னேன்.

பையனின் மாமா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். மிச்சமிருந்த எனாமல் கம்பியைக் காசு வாங்காமல் கொடுத்ததோடு, வேலையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லியனுப்பியிருக்கிறார்: "காந்தம் சும்மா கெடந்தா கம்பியும் சும்மாதான்டா கெடக்கும்." 1831இல் ஃபாரடே கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இதைத்தான். கம்பிச் சுருளுக்குள் காந்தப்புலம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் பிறக்கும். காந்தம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அசையாமல் கிடந்தால் சுருளில் ஒன்றும் வராது. பிள்ளைகள் செய்துவந்த மாடலில் பல்ப் எரியவில்லை. மல்டிமீட்டர் முள் நகரவில்லை. காந்தத்தைக் கையில் எடுத்து வேகமாக ஆட்டியபோது முள் ஒரு துடிப்புத் துடித்தது.

அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஓடியது. ஒரு பிவிசி குழாய்த் துண்டின்மேல் 600 சுற்று, உள்ளே சிறிய நியோடிமியம் காந்தம், முனைகளில் சிவப்பு எல்இடி. குழாயைக் குலுக்கினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் எல்இடி மினுக்கியது. பேட்டரி இல்லை. எனக்குத் திருப்தி. ஆனால் மூவரில் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மூன்றாமவள் நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ், இதுல 600 சுத்து வயர் இருக்கே. தலைப்புல வயர் இல்லன்னு போட்டிருக்கோம்." குலுக்குக் குழாய் அதோடு மூலைக்குப் போயிற்று.

அப்படியானால் வீடியோவில் எரிந்தது எப்படி? அதற்கு விடை மறுநாள் பையனின் டிபன் பையில் வந்தது. வீட்டிலிருந்த இன்வெர்ட்டர் பல்பை எடுத்து வந்திருந்தான். ஹோல்டர் இல்லை, வயர் இல்லை. அடிப்பக்கத்து இரண்டு முனையிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தான், பல்ப் எரிந்தது. வகுப்பே எழுந்து நின்றது. "மிஸ், என் ஒடம்புலேருந்து கரண்ட் வருது!"

கழற்றினோம். உள்ளே விரல் பருமனில் ஒரு லித்தியம் பேட்டரி. இந்த பல்பின் வேலை கரண்ட் போனதும் தானாக எரிவது. ஆனால் நாமே சுவிட்சை அணைத்தால் எரியக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்? மின்வெட்டில் சுவிட்ச் போட்டபடியே இருப்பதால், வீட்டிலுள்ள மற்ற சாதனங்கள் வழியாக பல்பின் இரு முனைகளுக்கு இடையே ஒரு சுற்று மூடியிருக்கும். சுவிட்சை அணைத்தால் அந்தப் பாதை அறுந்துவிடும். பல்பிலுள்ள சிறிய சுற்று அந்தப் பாதையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. நம் விரலின் மின்தடையே அதற்கு ஒரு பாதையாகத் தெரிய, எரிந்துவிடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் முனையை நனைத்தாலும் எரியும். காந்த வீடியோவுக்கு இந்த பல்ப் ஒன்று போதும், வேறு மாயம் வேண்டாம். மாவு மில்காரர் மகள் அன்று முழுக்கப் பேசவில்லை. ஏமாந்துவிட்ட கோபம் அது, நல்ல கோபம்.

குப்பையிலிருந்து வந்த பல்ப்

16 நாள் மிச்சம், கையில் திட்டம் எதுவும் இல்லை. வயரும் பேட்டரியும் இல்லாமல் எரியக்கூடிய பல்ப் ஒன்று உண்டு, அதைப் பள்ளியே தூக்கி எறிந்திருக்கிறது என்றேன். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் வாட்ச்மேன் தாத்தா சாய்த்து வைத்திருந்த நாலடி ட்யூப்லைட்டுகள். இரு முனையும் கறுத்துப் போனவை.

"அதெல்லாம் ஃபியூஸ் போனது மிஸ்."

ட்யூப்லைட்டில் போவது முனைகளிலுள்ள இழை. உள்ளே குறைந்த அழுத்தத்தில் இருக்கும் ஆர்கான் வாயுவும் துளி பாதரசமும் அப்படியேதான் இருக்கின்றன. எலக்ட்ரான் ஒன்று வேகமாக வந்து பாதரச அணுவில் மோதினால், அந்த அணு 254 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா ஒளியை விடும். அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியின் உட்புறத்து வெள்ளைப் பூச்சில் பட்டதும்தான் நமக்குத் தெரியும் வெளிச்சமாக மாறும். எலக்ட்ரானை ஓடவைக்க இழைதான் வேண்டும் என்றில்லை. வெளியிலிருந்து வலுவான மின்புலம் பட்டால் போதும், கண்ணாடி அதைத் தடுக்காது.

மந்தமானவனை ட்யூப்லைட் என்று கேலி செய்கிறோம். பாவம், தாமதம் ட்யூபின் குற்றமில்லை. ஸ்டார்ட்டர் இழையைச் சூடாக்கி, பிறகு சோக் ஒரு உதை கொடுக்கும்வரை அது காத்திருக்கிறது. மின்புலம் பட்டால் ட்யூப் கண்ணிமைப்பதற்குள் எரிந்துவிடும்.

முதலில் தேய்த்துப் பார்ப்பது என்று முடிவானது. தேய்த்தால் கண்ணாடியில் மின்னூட்டம் சேரும், மின்னூட்டத்தைச் சுற்றி மின்புலம் இருக்கும். இதன் கதை பழையது. 1670களில் பிரெஞ்சு வானியலாளர் ழான் பிக்கார் ஒரு பாதரச காற்றழுத்தமானியை இருட்டில் எடுத்துச் சென்றபோது, பாதரசம் கண்ணாடியில் உரசித் தளும்பத் தளும்பக் குழாயின் வெற்றிடத்தில் ஒளி மினுங்குவதைக் கண்டார். முப்பது வருஷம் கழித்து லண்டனில் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பீ காற்றை வெளியேற்றிய கண்ணாடி உருண்டையைச் சுழலவிட்டு அதன்மேல் கையை வைத்தார். பெரிய எழுத்துகளை வாசிக்கும் அளவுக்கு உருண்டை ஒளிர்ந்தது. அவர் சோதனை காட்டிய ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அப்போது தலைவர் நியூட்டன். எடிசனின் மின்விளக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே, கையால் தேய்த்து எரிந்த விளக்கு அது.

எங்களுக்கு எரியவில்லை.

ஆய்வகத்தின் ஜன்னல்களில் கறுப்பு சார்ட் ஒட்டி, கதவைச் சாத்தி, துண்டால் தேய்த்துப் பையனுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடினோம். முதல் எதிரி மழை. ஐப்பசி அடைமழையில் டெல்டாவில் சுவரே வேர்க்கும். கண்ணாடியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படர்ந்தால், தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அதன் வழியாகவே வடிந்துவிடும். இரண்டாவது, துண்டு பருத்தி. பருத்தியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூன்றாவது, எங்கள் கை எண்ணெய். நான்காவதை நோட்டு எழுதும் பெண்தான் கண்டுபிடித்தாள்: "வெளிச்சத்துலேருந்து உள்ள வந்த உடனே நமக்கு ஒண்ணுமே தெரியல மிஸ். கொஞ்ச நேரம் ஆனப்புறம் கதவு இடுக்கே தெரியுது." சரியாகச் சொன்னாள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். நாங்கள் கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிடம் சலித்துப்போய்த் திறந்துவிட்டோம்.

அடுத்த முறை ட்யூபை சோப்புத் தண்ணீரில் துடைத்து, 100 வாட் குண்டு பல்பின் பக்கத்தில் ஒரு மணி நேரம் காய வைத்தோம். பருத்தித் துண்டுக்குப் பதிலாக மூன்று பொருள்: மாவு மில்காரர் மகளின் பாட்டி கொடுத்த பழைய பட்டுப் புடவைத் துண்டு, அதையே இஸ்திரி போட்டு சூடாக்கியது, புதுச் சட்டை மடித்துவரும் பிளாஸ்டிக் உறை. இருட்டில் உட்கார்ந்து, யாரும் பேசாமல், இருபது நிமிடம். மழைச் சத்தம் மட்டும்.

சூடான பட்டில் லேசாக ஏதோ தெரிந்தது, தெரிந்ததா என்று சண்டை. பிளாஸ்டிக் உறைக்குச் சண்டையே இல்லை. உறையால் ட்யூபை இறுக்கிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்ததும், உறை போன பாதையிலேயே ஒரு சாண் நீளத்துக்கு வெண்மையான ஒளி ஓடி மறைந்தது. மறுபடி இழுக்க, மறுபடி ஓடியது. பையன் கத்திய கத்தலில் வாட்ச்மேன் தாத்தா கதவைத் தட்டிவிட்டார்.

கவனித்தால் உறை அசையும்போது மட்டுமே ஒளி வந்தது. அசைவு நின்ற நொடியே அணைந்தது. மின்னூட்டம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் மாறாத மின்புலத்தில் உள்ளேயுள்ள வாயு தன்னைச் சரிக்கட்டிக்கொண்டு அடங்கிவிடும். புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாமா காந்தத்துக்குச் சொன்னதை ட்யூபும் தன் வழியில் சொல்கிறது.

இது எவ்வளவு மின்சாரம்? உத்தேசமாக ஒரு கணக்கு. தேய்க்கும் பரப்பின் மின்தேக்குத் திறன் 50 பிக்கோ ஃபாரட், ஏறும் மின்னழுத்தம் 10,000 வோல்ட் என்று வைத்தால், ஒரு இழுப்பில் சேரும் ஆற்றல் 2.5 மில்லி ஜூல். அந்த 36 வாட் ட்யூப் ஒழுங்காக ஒரு நொடி எரிய 36 ஜூல் வேண்டும். அதாவது ஒரு நொடிக்கு 14,400 இழுப்பு. பத்தாயிரம் வோல்ட் என்று கேட்டதும் வாய் பிளந்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சார்ட்டில் பெரிய எழுத்தில் இது போயிற்று.

இடையில் ஒரு ட்யூப் மேஜையிலிருந்து உருண்டு உடைந்தது. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவைத்து, கால் மணி நேரம் கழித்து நானே அட்டையால் அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து மூடினேன். துடைப்பம் போடக் கூடாது, பொடி எழும்பும். அதன்பின் எல்லா ட்யூபுக்கும் முனைகளில் துணி சுற்றி, இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். ட்யூபைத் தேய்ப்பதும் உட்கார்ந்தபடிதான்.

சுருள்

ஒரு சாண் ஒளியைக் கண்காட்சி ஹாலில் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். விடாமல் மாறும் மின்புலம் வேண்டும். 1891 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் நிக்கோலா டெஸ்லா பொறியாளர்கள் முன்னால் இதைத்தான் செய்தார். உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ந்த இரண்டு தகடுகளுக்கு இடையே, எந்தக் கம்பியிலும் மாட்டாத கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக் காட்டினார், எரிந்தது.

சின்ன அளவில் அதைச் செய்ய இன்று ஒரு டிரான்சிஸ்டர் போதும். ஓர் அங்குல பிவிசி குழாயில் மெல்லிய எனாமல் கம்பி 300 சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். ஏறக்குறைய 31 மீட்டர் கம்பி பிடித்தது. மாமா கடையில் உட்கார்ந்து ஒரே மாலையில் சுற்றிவிட்டார்கள். அடியில் தடித்த வயர் 3 சுற்று. பிடி 139 டிரான்சிஸ்டர், 22 கிலோ ஓம் மின்தடை, பாதுகாப்புக்கு ஒரு எல்இடி. மேல்முனையில் அலுமினியத் தாளை உருட்டி வைத்தோம். 12 வோல்ட் அடாப்டர். போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. இதில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு: 3 சுற்றின் இரு முனைகளையும் மாற்றிப் போட வேண்டும், திசை தப்பினால் அதிர்வே தொடங்காது. மாற்றினோம். பழைய சிஎஃப்எல் பல்பைக் கிட்டே கொண்டுபோனேன், பட்டென்று எரிந்தது. சுருள் நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. உறையை இழுக்கும் கை அவ்வளவு வேகமாக ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நாலடி ட்யூபைக் கிட்டே பிடித்தபோதுதான் இந்த ஆய்வின் மிக அழகான காட்சி கிடைத்தது. ட்யூப் முழுக்க எரியவில்லை. சுருள் பக்கத்து முனையிலிருந்து பிள்ளை பிடித்திருக்கும் இடம்வரை எரிந்தது, கைக்கு அந்தப்பக்கம் இருட்டு. கையை நகர்த்தினால் வெளிச்சத்தின் எல்லையும் கூடவே நகர்ந்தது. மின்சாரம் வாயு வழியாக வந்து, கண்ணாடியைத் தாண்டி, உடம்பு வழியாகத் தரைக்கு வடிகிறது. கைக்கு அப்பால் போக அதற்கு வேலை இல்லை. இந்த அளவில் கைக்கு எதுவும் தெரியாது. ஆனால் சுருளின் மேல்முனையைத் தொட்டால் ஊசி குத்தியதுபோல் சுடும், அதனால் சுற்றிலும் அட்டை வேலி.

மல்டிமீட்டரில் 400 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு 4.8 வாட் உள்ளே போகிறது. வெளியே வரும் வெளிச்சம் சாமி மாடத்து ஜீரோ வாட் பல்ப் அளவுகூட இல்லை. ஒரு முழம் தள்ளினால் அணைந்துவிடும். 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாரின் சொல்யாசிச் என்ற இயற்பியலாளரின் குழு 60 வாட் பல்பை 2 மீட்டர் தள்ளி எரியவைத்தது. ஒரே அதிர்வெண்ணில் ஒத்திசையும் இரண்டு பெரிய செம்புச் சுருள்களை வைத்தும், போன ஆற்றலில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. இதைச் சொன்னதும் எங்கள் ஒரு முழம் அவ்வளவு கேவலமாகத் தெரியவில்லை.

பையனுக்கு வேறொரு யோசனை. அவன் ஊர் வயலுக்கு மேலே ஹை டென்ஷன் லைன் போகிறது, மழை நாளில் கரகரக்கும். "அதுக்கு அடியில ட்யூபப் புடிச்சா?" எரியும். 2004இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் 400 கிலோவோல்ட் லைனுக்குக் கீழே 1,301 ட்யூப்களை நட்டுவைத்தார், அந்தி சாய்ந்ததும் வயலே வெளிச்சமாயிற்று. கதையைச் சொல்லிவிட்டு, அங்கே போனால் டிசி கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். ஈர வயலில், தாழ்ந்து தொங்கும் கம்பியை நோக்கி நாலடிப் பொருளை நீட்டுவது விளையாட்டில்லை.

தலைப்புச் சண்டை, கண்காட்சி

அடாப்டர் வந்ததும் தலைப்பு பொய்யாகிவிட்டது. இரண்டு நாள் இதே பேச்சு. மேஜை விரிப்புக்கு அடியில் அடாப்டரைத் தள்ளிவிடலாம் என்றான் பையன், அந்தப் பள்ளி இந்தப் பள்ளி எல்லாம் அப்படித்தான் செய்கிறது என்று சான்றும் காட்டினான். நோட்டு எழுதும் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் விரிப்பே வேண்டாம் என்று முடிவாகி, சார்ட்டில் இப்படி எழுதினார்கள்: "பல்பில் வயர் இல்லை, பேட்டரி இல்லை. பிறகு எங்கிருந்து?" பக்கத்திலேயே கழற்றிய இன்வெர்ட்டர் பல்ப், அதன் லித்தியம் பேட்டரி தெரியும்படி.

தேய்க்கும் சோதனை ஹாலில் தோற்றது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள் கறுப்புத் துணி கட்டி, பார்ப்பவர் தலையை உள்ளே விடும்படி செய்திருந்தோம். வெளிச்சத்திலிருந்து வந்த கண் ஒரு நிமிடத்தில் பழகுமா? எட்டிப் பார்த்த பலரும் "ஒண்ணும் தெரியலயே பாப்பா" என்று போய்விட்டார்கள். சுருள்தான் கூட்டத்தைப் பிடித்து வைத்தது.

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நேராகக் கேட்டார்: "பேட்டரி இல்லைங்கிறீங்க, இது என்ன அடாப்டர்?"

"பல்புலதான் சார் இல்ல. கரண்ட் இங்கேருந்துதான் போகுது, 4.8 வாட். வெளிச்சமா எவ்வளவு வருதுன்னு எங்களால அளக்க முடியல" என்றாள் நோட்டு எழுதும் பெண்.

"சரி, தேய்க்கிறதுக்கு? அதுக்கு அடாப்டர் கிடையாதே?"

பையன் வலது கையை நீட்டினான். "காலைல சாப்பிட்ட இட்லி சார்."

மூன்றாம் பரிசு. முதல் பரிசு ஒரு சொட்டுநீர்ப் பாசன மாடலுக்குப் போனது, அதற்கே போக வேண்டியது.

கூட்டம் கலைந்தபிறகு மில்காரர் வந்தார். ரோமக்காலெல்லாம் மாவு. மகள் அவர் கையில் ட்யூபைக் கொடுத்து சுருள் பக்கம் தள்ளிவிட்டாள். வெளிச்சம் அவர் முஷ்டிவரை வந்து நின்றது. கையைக் கீழே இறக்கினார், அதுவும் இறங்கியது. மேலே ஏற்றினார். கொஞ்ச நேரம் இதையே செய்துகொண்டிருந்தார்.

"இதுக்கும் பில் வருமா?"

"வரும்ப்பா. 208 மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்."